கையால செஞ்ச பேஸ் கிட்டார், திருநகர் பட்டறை

திருநகர் பக்கம் சின்னப் பட்டறை, ஆர்டர் குடுத்தா அண்ணன் எலெக்ட்ரிக் பேஸ் கிட்டாரை கையாலயே செஞ்சு தர்றாரு. பாடி பலா மரம், வீணைக்குப் போடுறதே தான். ஸ்கேல், அதாவது கம்பி அதிருற நீளம், 34 இன்ச், 1951ல வந்த ஃபெண்டர் கம்பெனியோட பிரெசிஷன் பேஸ்ல இருந்தே அதான் வழக்கமான அளவு. கழுத்து தாங்க உசுரு, தடிச்ச கம்பி இழுக்குற இழுப்புக்கு மரம் வளைஞ்சிரும், உள்ள ஓடுற ட்ரஸ் ராடுங்கிற உலோகத் தண்டை முறுக்கித்தான் நேராக்கணும், அதுலயும் நம்மூரு வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் மரம் சுருங்கி விரியும்ல, அதனால நல்லா காஞ்ச மரத்துல மட்டும் தான் கை வைப்பேன்னு சொல்லிட்டாரு, அவசரப்படுத்துனா "வேற ஆளப் பாருங்க தம்பி" தான். கழுத்துல குறுக்க பதிச்ச ஃப்ரெட் பட்டி ஓரம் ஒண்ணு கூட கையில குத்தல, அம்புட்டு நைசு! ஈ (E) கம்பி 41 ஹெர்ட்ஸ், தட்டுனா நெஞ்சுல அதிருது. கனம் கொஞ்சம் ஜாஸ்தி, அகலமான ஸ்ட்ராப் வாங்கிக்கங்க. லைட்டா இரைச்சல் வருது, அதைக் குறைக்க, கம்பி அதிர்வை சிக்னலா மாத்துற பிக்கப் இருக்குற குழிக்குள்ள காப்பர் ஃபாயில் ஒட்டச் சொல்லி முன்னாடியே கேட்டுருங்க.