சர்ஜிசெல்: பல் எடுத்த குழியில் ரத்தம் நிற்காதபோது

பல் எடுத்தபின் அரைமணி நேரம் பஞ்சை அழுத்திக் கடித்தாலே முக்கால்வாசிப் பேருக்கு ரத்தம் நின்றுவிடும். ரத்தத்தைக் கட்ட குழிக்குள் வைக்கும், தானாகக் கரையும் சர்ஜிசெல் துணி எனக்குத் தேவைப்படுவது மீதி நோயாளிகளுக்குத்தான். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து எடுப்பவர்கள், இப்படி. நம் இஷ்டத்துக்கு அந்த மாத்திரைகளை நிறுத்தச் சொல்ல முடியாது, குழியிலேயே ரத்தத்தைக் கட்டவேண்டும்.

பிரித்தால் இளமஞ்சள் ஓடிய வெள்ளை வலைத்துணி, லேசாகக் காய்ச்சிய சர்க்கரை வாசனை. விரல் நகம் அளவு வெட்டி, உலர்ந்த ஃபோர்செப்ஸால் எடுத்து அப்படியே குழிக்குள் வைத்து, மேலே காஸ் துணியால் அழுத்தி ஒரு தையல் போட்டால் போதும். சலைனில் நனைத்து வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள், நனைந்தால் இதன் வேலை குறைந்துவிடும். ரத்தம் பட்டதும் கறுத்து, கூழ் மாதிரி ஆகிவிடும். ஒரு அம்மா மறுநாள் கண்ணாடியில் அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டு, "டாக்டர், உள்ளே அழுகிப்போச்சு போல"ன்னு அழுதுகொண்டே ஃபோன் செய்தார். அப்புறம் யாருக்கு வைத்தாலும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒன்றிரண்டு வாரத்தில் தானாகக் கரைந்துவிடும், எடுக்க வேண்டாம்.

ஆனால் கீழ்த்தாடை ஞானப்பல் எடுத்த குழியில், நரம்பு பக்கத்தில் இருக்கிறது என்று எக்ஸ்ரேயில் தெரிந்தால் நான் இதைத் தொடவே மாட்டேன். இது நல்ல அமிலம், பிஎச் 3 பக்கம். கிருமியை அடக்குவதும் அந்த அமிலம்தான், நரம்பில் பட்டால் உதடு மரத்துப்போகும் அபாயமும் அதனால்தான். அங்கே ஜெல்ஃபோம் மாதிரி ஜெலட்டின் ஸ்பான்ஜ் வைப்பேன். அமிலம் இல்லை, சலைனில் நனைத்துப் பிழிந்தும் வைக்கலாம், கரையத்தான் 4 முதல் 6 வாரம் ஆகும். அது பன்றித் தோலிலிருந்து செய்வது, அதனால் நோயாளியிடம் கேட்காமல் வைப்பதில்லை. சர்ஜிசெல் தாவரத்திலிருந்து வரும் செல்லுலோஸ் என்பதால் அந்தக் கேள்வியே எழாது.

விலைதான் சின்ன கிளினிக்குக்கு வலிக்கிறது. அரை அங்குலத்துக்கு 2 அங்குலம் துண்டையே கேட்டு வாங்குங்கள். பெரியதைப் பிரித்து மிச்சம் வைத்தால் நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போடமுடியாது, சிதைந்துவிடும், தூக்கிப்போட வேண்டியதுதான். எக்ஸ்பைரி தேதியையும் பில் போடும்முன்பே பாருங்கள், எனக்கு ஒரு கடையில் இரண்டு வாரமே பாக்கி இருந்த பெட்டியைக் கொடுத்துவிட்டுத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள்.