ஆறு வருடம், 4,374 லிட்டர்: என் பெட்ரோல் நோட்டில் இருப்பது

"மாசம் பெட்ரோலுக்கு எவ்வளவு ஆகுது?" என்று ஆறு வருடத்துக்கு முன் ஒரு நாள் என் மனைவி கேட்டாள். யோசிக்காமல் ஒரு தொகையைச் சொன்னேன். அன்று இரவே வங்கிக் கணக்கை எடுத்துக் கூட்டிப் பார்த்தபோது, உண்மைச் செலவு நான் சொன்னதைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தது. வழக்கமாக நிரப்பும் இரண்டு தடவை மட்டும்தான் என் நினைவில் நின்றிருக்கிறது. வெளியூர் போகும்போது வழியில் நிரப்பியது, அவசரத்துக்குக் கையில் இருந்த காசுக்குப் போட்டது எதுவும் நினைவுக்கு வரவில்லை. மறுநாள் காரின் டாஷ்போர்டுக்குள் ஒரு சின்ன நோட்டையும் பேனாவையும் வைத்தேன். இன்று அந்த நோட்டில் 72 மாதம், 66,960 கிலோமீட்டர், 4,374 லிட்டர் இருக்கிறது. அதிலிருந்து தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வண்டி 1.2 லிட்டர் எஞ்சின் உள்ள பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். பெரும்பாலும் நான்தான் ஓட்டுவேன், சில நாள் மனைவி ஓட்டுவாள்.

கணக்கு எழுதும் முறை எளிமையானது. ஒவ்வொரு முறையும் டேங்க் ஃபுல், ஆட்டோ கட் ஆனதும், அதாவது பங்க் குழாய் தானாக நின்றதும், நிறுத்திவிடுவது. அப்போதைய ஓடோமீட்டர் எண், போட்ட லிட்டர், தேதி மூன்றையும் எழுதுவது. போன தடவை ஃபுல் பண்ணியதிலிருந்து ஓடிய தூரத்தை இந்தத் தடவை போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ் வந்துவிடும். ஆட்டோ கட் எல்லா பங்க்கிலும் ஒரே மட்டத்தில் ஆகாது, ஒரு லிட்டர் முன்னே பின்னே இருக்கும். அதனால் ஒரே ஒரு டேங்க்கின் மைலேஜைப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், கவலைப்படவும் வேண்டாம். ஐந்து டேங்க்கைச் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பிழை கரைந்துவிடும். ஆட்டோ கட்டுக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் என்று அழுத்தி நிரப்பச் சொல்லாதீர்கள். டேங்க்கிலிருந்து வரும் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோலே போய் அது கெட்டுப்போகலாம்.

முதல் எட்டு மாதம் ஒரு மொபைல் செயலியிலும் பதிந்தேன். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு பழைய பதிவுகளைப் பார்க்கச் சந்தா கட்டச் சொன்னது. கட்டிப் பார்த்தால் பாதிப் பதிவைக் காணோம். நல்லவேளையாக நோட்டிலும் எழுதிக்கொண்டே வந்திருந்தேன். அதன் பிறகு நோட்டு மட்டும்தான். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கணினியில் ஒரு அட்டவணையில் ஏற்றிக்கொள்கிறேன்.

முதல் வருடம் நான் செய்த தவறு, பணத்தை மட்டும் பார்த்தது. மாதச் செலவு என்ற ஒரே எண்ணுக்குள் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. எவ்வளவு தூரம் ஓட்டினோம், வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தது, லிட்டர் என்ன விலை. மூன்றாவது நம் கையில் இல்லை. அது போதாதென்று 30ஆம் தேதி டேங்க்கை நிரப்பினால் அடுத்த மாதம் எரியப்போகும் பெட்ரோலும் இந்த மாதச் செலவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான்காவது வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தேன். முந்தைய வருடம் செலவழித்த அதே தொகை, கிட்டத்தட்ட கொஞ்சமும் மாறவில்லை. ஆனால் லிட்டர் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நான் மிச்சம் பிடித்ததை விலையேற்றம் தின்றுவிட்டது. பணத்தை மட்டும் எழுதியிருந்தால், இத்தனை பாடுபட்டும் ஒன்றும் குறையவில்லையே என்று நோட்டைத் தூக்கிப் போட்டிருப்பேன். அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, லிட்டரை எழுதுங்கள், பணத்தைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம் என்பதுதான்.

அப்புறம் தூரம். இங்கேதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. முதல் மூன்று வருடத்தில் மாத சராசரி 990 கிலோமீட்டர், 67.5 லிட்டர். லிட்டருக்கு 14.7 கிலோமீட்டர்தான் வருகிறது. விளம்பரத்தில் சொன்ன மைலேஜ் எங்கே, இது எங்கே என்று முதலில் வண்டி மேல்தான் கோபம் வந்தது. ஆய்வகத்தில் அளப்பதற்கும் சாலையில் வருவதற்கும் உள்ள இந்த இடைவெளி எல்லா இடத்திலும் உண்டு. ஐரோப்பாவில் 2021இல் பதிவான கார்களின் உள்ளேயே இருக்கும் அளவியிலிருந்து தரவு எடுத்து, ஐரோப்பிய ஆணையம் 2024இல் அறிக்கை வெளியிட்டது. பெட்ரோல், டீசல் கார்கள் அதிகாரபூர்வ அளவைவிடச் சராசரியாக 20 சதவீதம் அதிகம் குடிக்கின்றன என்றது அந்த அறிக்கை. சார்ஜும் ஏற்றி, எரிபொருளும் போட்டு ஓட்டும் பிளக்-இன் ஹைப்ரிட் கார்களில் அதிகாரபூர்வ அளவைப்போல் மூன்றரை மடங்கு.

ஆனால் என் வண்டியின் கதை அந்த 20 சதவீதத்தோடு முடியவில்லை. வெளியூர் போய்வந்த டேங்க்குகளில் அதே வண்டி 19, 20 கொடுத்திருந்தது. அலுவலகம் போய்வரும் நாட்களில் 15. பிறகு ஒன்பது டேங்க்குகள் கண்ணில் பட்டன. நான் விடுப்பில் வீட்டில் இருந்த வாரங்களில், முழுக்க முழுக்கப் பக்கத்து ஓட்டங்களிலேயே தீர்ந்தவை அவை. மகளை வகுப்பில் விடுவது, மருந்து வாங்குவது, மறந்துபோன ஒரு சாமானுக்காகத் திரும்பப் போவது. அந்த ஒன்பதின் சராசரி 10 கிலோமீட்டர்.

காரணம் எஞ்சின் சூடாகாதது. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பதால் தேவைக்கு மேல் கூடுதலாகச் செலுத்தப்படும். எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் கெட்டியாக இருப்பதால் உராய்வும் கூடும். இரண்டு கிலோமீட்டர் போய் அணைத்துவிட்டால் எஞ்சின் அதன் வேலைச் சூட்டுக்கு வருவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. ஆறிய பிறகு திரும்பி வர மறுபடியும் அதே கதை. என் 990 கிலோமீட்டரில் இந்தச் சின்ன ஓட்டங்கள் மாதம் 190 கிலோமீட்டர்தான். தூரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பெட்ரோலில் பார்த்தால் 19 லிட்டர், கால் பங்குக்கும் மேல். மாதம் 320 கிலோமீட்டர் ஓடிய வெளியூர்ப் பயணங்கள்கூட பதினாறரை லிட்டர்தான் எடுத்தன. ஊருக்குப் போய்வந்த மாதத்தில்தான் "இந்த மாசம் பெட்ரோல் அதிகம்" என்று நாங்கள் பேசிக்கொள்வோம். உண்மையில் காசு தினமும் தெருமுனையில் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அதன் பிறகு நாங்கள் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஒன்றரை கிலோமீட்டருக்குள் என்றால் நடை அல்லது சைக்கிள். மற்ற வேலைகளை அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில், எஞ்சின் சூடாக இருக்கும்போதே முடித்துவிடுவது. 190 கிலோமீட்டர் 80 ஆகிவிட்டது, 19 லிட்டர் 8 ஆகிவிட்டது. மகளுக்கு முதலில் பிடிக்கவில்லை. இப்போது அந்த நடை எங்கள் இருவருக்கும் நாளின் நல்ல நேரம்.

அலுவலக ஓட்டத்தில் மிச்சமானது இதைவிடக் குறைவு, மாதம் இரண்டரை லிட்டர். நெரிசல் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே கிளம்புவதாலும், மகளை அழைத்துவரக் காத்திருக்கும்போது எஞ்சினை அணைப்பதாலும் வந்தது அது. என் வண்டி அளவுள்ள எஞ்சின் சும்மா நின்று ஓடினாலே மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை எரிக்கும். ஏசி போட்டால் இன்னும் கூடும். தினம் இருபது நிமிடம் என்றாலும் மாதக் கணக்கில் பார்த்தால் சில லிட்டர்கள், ஒரு அடிகூட நகராமல்.

ஆக, கடைசி மூன்று வருட சராசரி 870 கிலோமீட்டர், 54 லிட்டர், மைலேஜ் 16.1. வண்டி அதேதான். மோசமான கிலோமீட்டர்கள் கழிந்துபோனதால் சராசரி ஏறிவிட்டது.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80இல் போவதற்கும் 110இல் போவதற்கும் அது கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஒரே பாதையில், ஒரே ஆட்களோடு இரண்டு விதமாகவும் போய்ப் பார்த்தேன். 80இல் 21, 110இல் பதினாறரை. கூரையில் சாமான் கேரியரை வேலை முடிந்தும் கழற்றாமல் இரண்டு மாதம் விட்டிருந்தபோது, காலியாக இருந்தும் வெளியூர் மைலேஜ் ஒன்றரை கிலோமீட்டர் குறைந்தது.

பலன் தராதவையும் உண்டு. ஆறு டேங்க் தொடர்ந்து விலை கூடிய பிரீமியம் பெட்ரோல் போட்டேன், நோட்டில் எந்த வித்தியாசமும் இல்லை. ஆக்டேன் எண் என்பது தானாக வெடிக்காமல் தாங்கும் திறனைச் சொல்கிறது, உள்ளே இருக்கும் சக்தியை அல்ல. உங்கள் வண்டியின் கையேடு உயர் ஆக்டேன் கேட்டால் கட்டாயம் போடுங்கள், கேட்காவிட்டால் அந்தக் காசு வீண். அதிகாலையில் நிரப்பினால் அடர்த்தியாகக் கிடைக்கும் என்று பலர் சொல்வதும் அப்படித்தான். பெட்ரோல் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.1 சதவீதம்தான் விரியும், பங்க்கின் தொட்டியோ பூமிக்கு அடியில் இருக்கிறது. இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இன்றைய வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகும், வண்டியை எஞ்சின் இழுத்துப் பிடிப்பதும் போய்விடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இந்த நோட்டுக்காக நான் நன்றியோடு இருப்பது ஒரு சம்பவத்தால். 43,000 கிலோமீட்டர் வாக்கில் வழக்கமான 16 ஒரு டேங்க்கில் 13.9 ஆனது, அடுத்ததில் 13.2. டயர் காற்றைப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஒர்க் ஷாப்பில் காட்டினேன். "டிராஃபிக்ல ஓட்டினா அப்படித்தான் சார் வரும்" என்றார்கள். அதே டிராஃபிக்கில் மூன்று வருடமாக என்ன வந்தது என்று நோட்டை விரித்துக் காட்டியும் வண்டியைத் திறந்து பார்க்கவில்லை. வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் நோட்டைப் பொறுமையாகப் புரட்டிவிட்டு, வண்டியை ஒரு சுற்று ஓட்டி வந்து நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோனார். முன்பக்க இடது சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தது. பிரேக் பேடைச் சக்கரத்தின் டிஸ்க் மேல் அழுத்தும் கேலிப்பரில் இருக்கும் ஊசி (pin) இறுகிப்போய், பிரேக்கை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. ஓட்டும்போது எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை, ஒரு பக்கம் இழுக்கவும் இல்லை. குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகும்போது பிரேக் சூடேறிச் செயலிழந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. சரிசெய்த அடுத்த டேங்க் 16.3.

வண்டியின் திரையில் காட்டும் மைலேஜை நம்பலாமா என்று கேட்பார்கள். என் வண்டியில் அது நோட்டைவிட 5, 6 சதவீதம் கூடவே காட்டுகிறது. ஒரு பயணத்தை இன்னொன்றோடு ஒப்பிட அது போதும், செலவுக் கணக்குக்குப் போதாது.

வண்டி மாற்றினால் செலவு குறையுமா என்பதற்கு என் அண்ணனின் அனுபவத்தைச் சொல்கிறேன். மைலேஜுக்காக டீசல் வண்டி வாங்கினார். வீட்டுக்கும் கடைக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர், அதற்குத்தான் அதிகம் ஓடியது. டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு, நீண்ட தூரம் சூடாக ஓடினால்தான் அதில் சேர்ந்த கரி எரிந்து தீரும். அவர் வண்டியில் அது அடைத்துக்கொண்டே இருந்தது. எரிபொருளில் மிச்சமானதை அந்தச் செலவு வாங்கிக்கொண்டது. "வாங்கறதுக்கு முன்னாடி உன் நோட்டு மாதிரி ஒண்ணு என்கிட்ட இருந்திருக்கணும்டா" என்றார்.

வீட்டில் இரண்டு வண்டி இருப்பவர்கள் இன்னொரு கணக்கைப் பார்க்க வேண்டும். 10 கொடுக்கும் வண்டியை 12 ஆக்கினால் 100 கிலோமீட்டருக்கு 1.67 லிட்டர் மிச்சம். 20 கொடுப்பதை 22 ஆக்கினால் மிச்சம் 0.45 லிட்டர்தான். இரண்டும் "ரெண்டு கிலோமீட்டர் கூடுது" என்றுதான் காதில் விழும். அதனால் நான் அட்டவணையில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்றும் ஒரு பத்தி வைத்திருக்கிறேன்.

பணம் ஒதுக்குவதில் எங்கள் வழக்கம் இதுதான். ஆறு வருடத்தில் மிகக் குறைந்த மாதம் 31 லிட்டர், மிக அதிகமான மாதம் 118. இப்படி ஏறி இறங்குவதை வைத்து மாதச் செலவைத் திட்டமிட முடியாது. கடந்த 12 மாத லிட்டரைக் கூட்டி 12ஆல் வகுத்து, இன்றைய விலையால் பெருக்கி, அந்தத் தொகையை மாதம் பிறந்ததும் தனிக் கணக்கில் போட்டுவிடுகிறோம். குறைவாக ஓடிய மாதத்தில் மிஞ்சுவது ஊருக்குப் போகும் மாதத்துக்கு உதவுகிறது. விலை மாறினால் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

முதல் நோட்டில் இன்னும் மூன்று பக்கம்தான் பாக்கி. அடுத்ததில் ஏசி போட்ட நாட்களையும் குறித்துவைக்கக் கோடு போட்டிருக்கிறேன், அது உண்மையில் எத்தனை லிட்டர் எடுக்கிறது என்று இன்னும் சரியாகப் பிரித்துப் பார்க்கவில்லை.