முன்பணம் கட்டி சீட் போடுவதா, கவுன்சலிங் வரை பொறுப்பதா?

2025 மே 8-ஆம் தேதி பிளஸ் டூ ரிசல்ட். மகளுக்குக் கணிதம் 91, இயற்பியல் 86, வேதியியல் 84. கணிதத்தை முழுசாக வைத்து மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் 200-க்கு 176 கட் ஆஃப். அந்தக் கணக்கைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டு முடிப்பதற்குள் முதல் போன் வந்துவிட்டது. "சார், பொண்ணு ரிசல்ட் பார்த்தாச்சா? கம்ப்யூட்டர் சயின்ஸ்ல இன்னும் நாலு சீட்தான் இருக்கு." என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, நாளைக்கே வந்து கேம்பஸைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். சாயங்காலத்துக்குள் இதேபோல் ஆறு அழைப்புகள், ஆறு பேரிடமும் மிச்சம் இருந்தது நாலு சீட்தான்.

என் மனைவியின் தம்பி மகனும் அதே வருடம்தான் பிளஸ் டூ முடித்தான், கட் ஆஃப் 163. மச்சினன் மே மூன்றாம் வாரத்திலேயே ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் முன்பணம் கட்டிவிட்டான். நாங்கள் டிஎன்இஏ என்கிற தமிழக அரசின் பொறியியல் சேர்க்கைக் கவுன்சலிங் வரை காத்திருந்தோம். இரண்டு வழியையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் காத்திருந்த பக்கம் சாய்ந்துதான் எழுதப்போகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லாருக்கும் தெரிந்ததை வேகமாகத் தாண்டிவிடலாம். சிறுபான்மை அல்லாத தனியார் கல்லூரிகளில் 65 சதவீத இடங்கள் அரசு ஒதுக்கீட்டுக்கு, மீதி 35 மேனேஜ்மென்டுக்கு; சிறுபான்மைக் கல்லூரிகளில் பாதிக்குப் பாதி. 2017-இல் கட்டணக் குழு நிர்ணயித்தபடி அரசு ஒதுக்கீட்டில் வருடத்துக்கு 50,000 அல்லது 55,000, மேனேஜ்மென்டில் 85,000 அல்லது 87,000. இது காகிதத்தில் இருப்பது. பஸ், ஹாஸ்டல், அது இது என்று மேலே ஏறுவது இரண்டு பக்கமும் ஏறும். முதல் பட்டதாரி சலுகை வேண்டும் என்றால் கவுன்சலிங் வழியாகத்தான் போக வேண்டும். ஆக, செலவு என்று பார்த்தால் கவுன்சலிங் மலிவு, இதில் வாதமே இல்லை. மச்சினனுக்கும் இது தெரியும். அவன் சீட்டுக்காகப் பணம் கட்டவில்லை, தூக்கத்துக்காகக் கட்டினான். "மூணு மாசம் யாரால மச்சான் நெஞ்சுல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்க முடியும்? கட்டியாச்சு, முடிஞ்சுது" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மே 8-ஆம் தேதி ரிசல்ட், ஜூன் 27-ஆம் தேதி ரேங்க் லிஸ்ட், பொதுப் பிரிவுக் கவுன்சலிங் தொடங்கியது ஜூலை 14. எங்கள் ரேங்குக்கு இரண்டாவது சுற்றுதான் என்பதால் ஜூலைக் கடைசி வரை ஒன்றும் கையில் இல்லை. இடையில் கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் "எங்க சேர்த்தாச்சு?" என்ற ஒரே கேள்வி. சாப்பாட்டுப் பந்தியில் இலை போடும் முன்பே கேட்டுவிடுகிறார்கள். "இன்னும் இல்லைங்க, கவுன்சலிங்" என்று சொன்னால் ஒரு 'ஓ' வரும் பாருங்கள், மகளுக்கு மார்க் இல்லையோ என்கிற மாதிரி. ஒரு கட்டத்தில் மனைவி விசேஷங்களுக்கு என்னை மட்டும் அனுப்ப ஆரம்பித்துவிட்டாள்.

இனி நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். கட்டணம் இல்லை, கல்லூரியின் பெயர் இல்லை, பிளேஸ்மென்ட் இல்லை. ரசீது.

மச்சினன் பணம் கட்டப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். ஏசி அறை, மேசையில் கண்ணாடித் தம்ளரில் ஜூஸ், சுவரில் வேலை கிடைத்த பிள்ளைகளின் போட்டோ. கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை ஆன்லைனில் வாங்கினார்கள், அதற்கு ரசீது வந்தது. மீதியைக் கவரில் கொடுக்கச் சொன்னார்கள். கவரை வாங்கிப் போனவர் திரும்பி வந்து கொடுத்தது உள்ளங்கை அகலத் துண்டுச் சீட்டு: விண்ணப்ப எண், பையன் பெயர், கம்ப்யூட்டர் சயின்ஸைக் குறிக்கும் சிஎஸ்இ என்று பேனாவில் எழுதி ஒரு கையெழுத்து. தொகை எழுத வேண்டிய இடத்தில் வெறும் டிக் மார்க். அதோடு பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மார்க் ஷீட், டிசி எல்லாவற்றின் ஒரிஜினலையும் "சரிபார்க்க" என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் விதிகளைத் தேடிப் படித்தேன். படித்தபோதுதான் இதன் விபரீதம் புரிந்தது. வகுப்பு தொடங்கும் முன் மாணவர் விலகினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் மொத்தக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் விதி. ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியும் 2018-இல் இதே ரீதியில் அறிவிக்கை போட்டிருக்கிறது: சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால் சிறு பிடித்தம் போக முழுப் பணம், அதற்கப்புறம் 90, 80, 50 சதவீதம் என்று இறங்கி, கடைசித் தேதி கழிந்து ஒரு மாதம் தாண்டினால் ஒன்றுமில்லை. எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விதிகள் எல்லாமே கட்டணம் என்று ரசீது போட்ட பணத்துக்கு. கவரில் போன பணம் நன்கொடை. தமிழ்நாட்டில் 1992-ஆம் வருடச் சட்டப்படி அதை வாங்குவதே குற்றம், அதனால்தான் ரசீது இல்லை. வாங்கியதே இல்லை என்று சொல்லக்கூடிய பணத்தை எந்த விதியைக் காட்டித் திருப்பிக் கேட்பது? அதுவும் பையனின் டிசி அவர்கள் பீரோவில் இருக்கும்போது?

நடந்ததைச் சொல்கிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று மச்சினன் மகன் டிஎன்இஏவிலும் பதிவு செய்திருந்தான். இரண்டாவது சுற்றில் பன்னிரண்டு கல்லூரிகளை மட்டும் விருப்பப் பட்டியலில் போட்டான். அதில் மூன்றாவதாகப் போட்டிருந்த கல்லூரியே தற்காலிக ஒதுக்கீட்டில் வந்துவிட்டது. வீட்டிலிருந்து போய்வரலாம், அவன் கேட்ட இசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ். ஒதுக்கீட்டை உறுதி செய்ய இரண்டு நாள் அவகாசம். மச்சினன் முன்பணம் கட்டிய கல்லூரிக்கு ஓடினான். ரசீது போட்ட பணத்துக்கு எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்றார்கள். துண்டுச் சீட்டை நீட்டியபோது, அதில் கையெழுத்துப் போட்டவர் லீவில் இருப்பதாகச் சொன்னார்கள். சான்றிதழுக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். இரண்டாவது நாள் ராத்திரி பையனே லேப்டாப்பைத் திறந்து 'வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டு, "பரவாயில்லப்பா, சிஎஸ்இயும் நல்லதுதானே" என்றான். மச்சினன் இதைப் போனில் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. மே மாதம் வாங்கிய தூக்கம் அந்த ராத்திரியோடு போய்விட்டது. அதற்கப்புறம் அவன் படாத பாடெல்லாம் பட்டான், என்னைவிட அதிகமாகவே.

எங்கள் பக்கமும் ஒன்றும் பெருமைப்பட்டுக்கொள்ளும்படி இல்லை. நான்தான் வீட்டில் பெரிய தலைவலி. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் போன வருடக் கட் ஆஃப் பட்டியலைத் திறந்து, இனவாரியாக ஒவ்வொரு கல்லூரியும் எந்த மார்க்கில் மூடியது என்று பார்ப்பேன். 176 உள்ளே வந்தால் நிம்மதி, அரை மார்க் வெளியே நின்றால் மகளை எழுப்பாத குறை. காலையில் அவள் பல் தேய்க்கும்போதே "அந்த ஐடி 177.5-க்கு மூடியிருக்கும்மா" என்று ஆரம்பிப்பேன். ஒரு நாள் அவள் லேப்டாப்பை எடுத்துக் கொண்டுபோய்த் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். "இனிமே தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் இதைப் பேசலாம்ப்பா, அதுவும் நான் திறந்தாத்தான்" என்றாள். கோபம் வந்தது. ஆனால் அன்றைக்குத்தான் பல நாள் கழித்து எட்டு மணி நேரம் தூங்கினேன்.

பயத்தைக் குறைத்தது ஆறுதல் வார்த்தை இல்லை, ஒதுக்கீடு எப்படி நடக்கிறது என்று உட்கார்ந்து புரிந்துகொண்டதுதான். கணினி ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுக்கும். நம் முறை வரும்போது நம் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுக்கும். அவ்வளவே. கிடைக்காது என்று தெரிந்த கல்லூரியை மேலே போடுவதால் கீழே இருப்பது பறிபோகாது. இது தெரியாமல் எத்தனை பேர் 'பாதுகாப்பாக' என்று சுமாரான கல்லூரியை முதலில் போட்டு, அதுவே கிடைத்து, பிறகு வருந்துகிறார்கள்! பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் கணினி தருகிற ரேண்டம் எண்ணுக்கும் அப்படித்தான். ஜூன் மாதம் அது வந்ததும் நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்று என் மனைவி ஜாதகக்காரர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். கட் ஆஃப், கணிதம், இயற்பியல் என்று வரிசையாக எல்லாம் சமமாகி, பிறந்த தேதியும் ஒன்றாக நின்றால்தான் அந்த எண்ணுக்கே வேலை.

மகள் ஒரு நாற்பது பக்க நோட்டில் 74 விருப்பங்களை எழுதினாள், கல்லூரிக் குறியீட்டோடு. கிண்டி பொறியியல் கல்லூரிக்கு 1, பிஎஸ்ஜி டெக் 2006, மதுரை தியாகராசர் 5008 என்று எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது, நமக்கு அதெல்லாம் எட்டாது என்று தெரிந்தும். பென்சிலால் எழுதி, அடித்து, மாற்றி, ஐந்து முறை வரிசையை மாற்றினாள். விருப்பம் நிரப்பக் கொடுத்த மூன்று நாளில் முதல் நாளே உள்ளே போட்டுவிட்டோம். தற்காலிக ஒதுக்கீட்டில் ஒன்பதாவது விருப்பம் வந்தது. 'ஏற்கிறேன், மேலே கிடைத்தால் மாறுகிறேன்' என்பதை அழுத்தி, டிஎஃப்சி என்கிற உதவி மையத்தில் போய்ப் பணம் கட்டினோம். அதற்கு அச்சடித்த ரசீது, முழுத் தொகையோடு. சில நாளில் ஆறாவது விருப்பத்துக்கு மேலே ஏறியது. அங்கேதான் இப்போது படிக்கிறாள்.

சரி, முன்பணம் கட்டுவது எல்லாருக்கும் தப்பா? அப்படிச் சொல்லமாட்டேன். கட் ஆஃப் குறைவு, ஆனால் இந்தக் கல்லூரியில் இந்தப் பாடப்பிரிவுதான் வேண்டும் என்று பிள்ளை பிடிவாதமாக நின்றால் மேனேஜ்மென்டை விட்டால் வேறு வழி கிடையாது. அங்கே காத்திருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சங்கதி வேறு: நுழைவுத் தேர்வு வைத்து, கட்டணத்தை வங்கி வழியாக வாங்கி, எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு திரும்பும் என்று முன்கூட்டியே போட்டுவிடுகிற இடங்களும் உண்டு. அங்கே ஒரு சீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு கவுன்சலிங்குக்கும் காத்திருக்கலாம் என்றால் என் வாதம் பாதி விழுந்துவிடும். நாங்கள் ஒரு விண்ணப்பம் போட்டதோடு நின்றுவிட்டோம், அதனால் அந்த வழியில் போனவர்கள்தான் இதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியும். மருத்துவம் பக்கம் நான் போகவே இல்லை. அங்கே தொகையும் பெரிது, பதற்றமும் பெரிது, என் அனுபவத்தை அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள். கட் ஆஃப் நூறை ஒட்டி இருக்கிறவர்களுக்கு ஒன்று: போன் மேல் போன் போட்டு அவசரப்படுத்துகிற கல்லூரியை போன வருடப் பட்டியலில் தேடிப் பாருங்கள். கடைசியில் மிச்ச இடங்களுக்கு நடக்கும் துணைக் கவுன்சலிங் வரைக்கும் அங்கே இடம் காலியாகக் கிடந்திருந்தாலும் கிடந்திருக்கும்.

அப்படியும் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், மொத்தத் தொகைக்கும் ரசீது தருவீர்களா, ஒரிஜினலை இன்றே பார்த்துவிட்டு இன்றே திருப்பித் தருவீர்களா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். ஜூஸ் வருவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது, குடித்துவிட்டால் நமக்கே கூச்சமாகிவிடுகிறது.

மச்சினனுக்குக் கவரில் போன பணத்தை அப்புறம் கேட்க மனம் இல்லை. பையன் அங்கேயே படிக்கிறான், நன்றாகத்தான் படிக்கிறான். அடுத்த பெண் இந்த வருடம் பிளஸ் டூ போகிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்தபோது என் மகளிடம் அந்த நாற்பது பக்க நோட்டை வைத்திருக்கிறாயா என்று கேட்டான். "இருக்கு மாமா, தர்றேன். ஆனா லேப்டாப் அவகிட்டதான் இருக்கணும், நீங்க தொடக் கூடாது" என்றாள் என்னைப் பார்த்துக்கொண்டே.