ஹெட்டைக் கழற்றச் சொன்னார்கள்: டெல்டாவில் ஒரு டீசல் காரின் பத்து வருஷம்

2014 மாடல் டீசல் செடான். கொரடாச்சேரி பக்கம் வீடு, தஞ்சாவூரில் வேலை. நீடாமங்கலம், அம்மாபேட்டை, சாலியமங்கலம் வழிதான் அன்றாடம். ஓடோமீட்டர் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. மைலேஜ், சீட், மியூசிக் சிஸ்டம் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் எஞ்சினைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இத்தனை வருஷத்தில் "எஞ்சின் கம்ப்ளெயின்ட்" என்று ஒர்க் ஷாப்பில் சொன்னதில் முக்கால்வாசி எஞ்சினுக்கு வெளியேதான் இருந்தது. நம்ம ஊர் மண்ணும் தண்ணீரும் வைக்கோலும் செய்கிற வேலை அது.

முதலில் சூடு. குறுவை அறுப்பு சமயத்தில் நம்ம ரோடுகள் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பாதி ரோட்டில் நெல் காயும், மீதிப் பாதியில் வைக்கோல் கிடக்கும், அறுவடை மெஷின் ஓடும் வயல் பக்கம் போனால் தூசி முன்னால் தெரியாத அளவுக்குப் பறக்கும். அப்படி ஒரு சீசன் முடிந்த கையோடு, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஏசி போட்டு நிற்கும்போதெல்லாம் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏற ஆரம்பித்தது. கேட் திறந்து வண்டி ஓட ஆரம்பித்தால் தானாக இறங்கிவிடும். ஒரு பெரிய ஒர்க் ஷாப்பில் காட்டினேன். பானட்டைத் திறந்து பார்த்த கையோடு, "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் சார், ஹெட்டைக் கழட்டணும்" என்று எஸ்டிமேட் போட்டார்கள். ஹெட் என்பது எஞ்சினின் மேல்பகுதி, கேஸ்கெட் அதன் அடியில் கசிவைத் தடுக்கும் தகடு. என்ன டெஸ்ட் செய்து கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். அனுபவம் என்றார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கும்பகோணத்தில் வயதான மெக்கானிக் ஒருவர் ஸ்பேனரைத் தொடும் முன்பே கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி, முள்ளு நிக்கிறப்ப ஏறுதா, ஓடுறப்ப ஏறுதா?" நிற்கும்போது ஏறி ஓடும்போது இறங்கினால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை என்று அர்த்தம், ஃபேன், அதன் ரிலே, ரேடியேட்டரின் ஃபின் என்கிற மெல்லிய தகடுகள் இவற்றைப் பார்க்க வேண்டும். ஓடும்போதும் ஏறினால்தான் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் உள் அடைப்பு, கடைசியாக ஹெட் கேஸ்கெட் என்று போக வேண்டும். ஆனாலும் அவர் வாய்ப்பேச்சோடு விடவில்லை, கேஸ்கெட் போயிருக்கிறதா என்றும் சோதித்தார். டிப் ஸ்டிக்கை உருவி ஆயில் வெளுத்துக் குழம்பியிருக்கிறதா என்று பார்த்தார். எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் கைப் பம்ப்பை மாட்டிப் பிரஷர் ஏற்றி, பம்ப்பின் பிரஷர் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே டீ குடித்தார். கூலன்ட் ஊற்றும் ரிசர்வாயரில் குமிழியும் இல்லை. அதன் பிறகுதான் முன் பம்ப்பரைக் கழற்றினார்.

ஏசி கண்டென்சரைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தியதும், அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பதரும் தூசியும் பூச்சியும் மழைத் தண்ணீரில் ஊறிக் காய்ந்து, தைத்த மெத்தை மாதிரி ஒரு விரல் கனத்துக்கு உட்கார்ந்திருந்தது. முன்னால் கிரில் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் கண்டென்சர்தான் தெரியும், இது தெரியவே தெரியாது. மெல்ல உரித்து எடுத்துவிட்டு, எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகக் குறைந்த பிரஷரில் தண்ணீர் விட்டார். வாட்டர் வாஷ் கன்னை நேராகப் பிடித்தால் ஃபின் மடங்கிவிடும், அப்புறம் சுத்தமாக இருந்தும் காற்றுப் போகாது. கூலி ஆயிரத்தைத் தாண்டவில்லை. முள் அன்றிலிருந்து பாதியிலேயே நிற்கிறது. இப்போது ஒவ்வொரு அறுப்பு முடிந்ததும் இதைச் செய்துவிடுகிறேன். ஏர் ஃபில்டரும் அப்படித்தான், மேனுவலில் போட்ட கிலோமீட்டர் வரை நம்ம ஊரில் காத்திருக்க முடியாது.

அவரே இன்னொன்றும் காட்டினார். ரிசர்வாயர் ஓரமெல்லாம் வெள்ளைப் படிவு. போர் தண்ணீரின் உப்பு. சர்வீஸுக்கு விடும் இடத்தில் அளவு குறைந்திருந்தால் குழாயைத் திருப்பி ஊற்றிவிடுவார்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கமென்றால் தண்ணீரின் லட்சணம் உங்களுக்கே தெரியும். ஊற்ற வேண்டியது கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. ரெடி மிக்ஸ் வாங்கினால் அந்தக் கணக்கும் வேண்டாம்.

அடுத்த வில்லன் எலி. சம்பா அறுத்து வயல் வெறிச்சோடியதும் நேராக வீட்டுக்கு வரும், பானட்டுக்குள் கதகதப்பாகப் படுக்கும். ஒரு தை மாதம் காலையில் செக் எஞ்சின் லைட், மேட்டில் இழுவையே இல்லை, மிதித்தால் கரும்புகை. வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழையைப் படிக்கும் ஸ்கேனர் மாட்டியதில் பி0299 என்று பிழைக் கோடு வந்தது, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் பிரஷர் போதவில்லை. ஸ்கேனரைக் கையில் வைத்திருந்த பையன் "டர்போ மாத்தணும் அண்ணே" என்றான். பிரஷர் இல்லை என்பது மட்டும்தான் கோடு சொல்லும், ஏன் இல்லை என்று சொல்லாது. டர்போ ஆக்சுவேட்டருக்குப் போகும் சின்ன வேக்யூம் டியூப்பை எலி கடித்து வைத்திருந்தது. விரல் நீள ரப்பர் குழாய் மாற்றியதும் வண்டி பழையபடி. பிழைக் கோடு எண்ணை அழிக்கும் முன் ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அழித்துவிட்டால் அடுத்த மெக்கானிக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

நிஜமாகவே எஞ்சின் வேலை என்று வந்தது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்தான். காலையில் ஸ்டார்ட் செய்தால் டக் டக்கென்று அடிக்கும், வெள்ளைப் புகை, சூடானதும் அடங்கிவிடும். நாலு இன்ஜெக்டரையும் மாற்றச் சொன்ன இடமும் உண்டு. தஞ்சாவூரில் டீசல் பம்ப் வேலை மட்டும் செய்யும் ஒரு கடையில் ரிட்டர்ன் டெஸ்ட் போட்டார்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் மிஞ்சும் டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் குழாயில் ஒரு பாட்டில் மாட்டி எஞ்சினை ஓட விடுவது. மூன்று பாட்டிலில் அளவு கிட்டத்தட்ட ஒரே மாதிரி, மூன்றாவது சிலிண்டர் பாட்டில் மட்டும் இரண்டு மடங்குக்கு நிரம்பியது. அந்த ஒன்றைத்தான் மாற்றினோம். புது இன்ஜெக்டரின் கோடு எண்ணை இசியுவில் (எஞ்சின் கம்ப்யூட்டரில்) ஏற்றும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதைச் செய்யாமல் விட்டால் இன்ஜெக்டர் மாற்றியும் ஐடிலிங் தள்ளாடும்.

உண்மையிலேயே ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்தால்? என் வண்டிக்கு வரவில்லை, மச்சான் வண்டிக்கு வந்தது. ஐப்பசி மழையில் தேங்கிய தண்ணீருக்குள் ஆஃப் ஆன வண்டியை மறுபடி மறுபடி செல்ஃப் அடித்தார். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிட்டது. சாதாரண இன்சூரன்ஸில் இந்தச் சேதம் வராது, எஞ்சின் புரொடெக்ட் ஆட்-ஆன் தனியாக எடுத்திருக்க வேண்டும். தண்ணீரில் நின்றால் சாவியைத் தொடாமல் டோ வண்டியைக் கூப்பிடுங்கள், ஆட்-ஆன் இருந்தாலும் இதே பேச்சுதான். அந்த வேலையில் ஒன்றைக் கவனித்தேன்: ஹெட்டை லேத்துக்கு அனுப்பும் முன் நேர்ச்சட்டமும், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்து வளைவு பார்த்தார்கள், ஹெட் போல்ட் எல்லாம் புதிது போட்டு, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சில் வரிசைப்படி முறுக்கினார்கள். பல டீசல் எஞ்சின்களில் அந்த போல்ட் ஒரு தடவை முறுக்கினாலே நீளும், பழையதைத் திரும்பப் போடக்கூடாது. டார்க் ரென்ச் இல்லாத கடையில் ஹெட் வேலை கொடுக்காதீர்கள், கூலி எவ்வளவு குறைத்தாலும் சரி.

இப்போதைக்கு என் வண்டியில் மிச்சமிருப்பது டைமிங் செயினை மூடியிருக்கும் டைமிங் கவர் ஓரம் லேசான ஆயில் கசிவு. கீழே சொட்டவில்லை, டிப் ஸ்டிக் அளவும் சர்வீஸுக்கு சர்வீஸ் குறையவில்லை. காலை ஸ்டார்ட்டில் செயின் சத்தம் வந்தால் கவரைத் திறக்கும்போது சேர்த்துப் பார்க்கலாம், அதுவரை துடைத்துவிட்டு ஓட்டுங்கள் என்று கும்பகோணத்துக்காரர் சொல்லியிருக்கிறார். ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.