இறுக்கமாக ஆடுபவர் ரெய்ஸ் செய்தால்: மறு ரெய்ஸா, வெறும் காலா?

நேரடி போக்கர் மேஜையில் மணிக்கு ஏறத்தாழ 25 முதல் 30 கைகள் (ஆட்டச் சுற்றுகள்) தான் ஓடும். கையில் தரப்படும் இரண்டு சீட்டும் ஏஸாக அமைவது, அதாவது ஜோடி ஏஸ், சராசரியாக 221 கைக்கு ஒருமுறை வரும். எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஒன்று. அவ்வளவு காத்திருந்து பெரிய ஜோடி ஒன்று கிடைத்ததும் சிப்ஸை (பந்தய வில்லைகளை) முன்னே தள்ளத்தான் மனம் துடிக்கும். ஆனால் வந்த சீட்டையெல்லாம் கவிழ்த்து விலகிக்கொண்டிருந்தவர் திடீரென்று ரெய்ஸ் செய்தால், அதாவது பந்தயத்தை உயர்த்தினால், கால் செய்து அதே தொகையை மட்டும் கட்டுவதா, மறு ரெய்ஸா என்று முடிவெடுக்குமுன் ஒன்றை யோசித்தே ஆக வேண்டும்: நான் மறுபடி உயர்த்தினால் அவர் எந்தச் சீட்டுகளுடன் நிற்பார்?

ஜோடி குயீனில்தான் இது கூர்மையாகிறது. இருவரிடமும் 100 பெரிய பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகக் கட்டும் தொகை; இங்கே அதுவே அளவு). அவர் முதல் இருக்கையிலிருந்து 5 பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்கிறார், நீங்கள் பட்டனில், அதாவது பொதுச் சீட்டுகள் விழுந்தபின் கடைசியாகப் பேசும் இருக்கையில். அங்கிருந்து அவர் ஜோடி பத்து முதல் ஜோடி ஏஸ் வரை, ஏஸ்-கிங், ஒரே இனத்து ஏஸ்-குயீன் ஆகியவற்றை மட்டுமே ஆடுவார் என்று கொள்வோம். உங்கள் இரண்டு குயீன்களைக் கழித்தால் 43 சேர்க்கைகள். அவற்றில் உங்களை முந்துபவை 12 மட்டுமே, 30 உங்களுக்குப் பின்னால், ஒன்று சமம்.

இப்போது 15 பிளைண்டுக்கு மறு ரெய்ஸ் செய்யுங்கள். பத்து, ஜாக் ஜோடிகளும் ஏஸ்-குயீனும் விலகிவிடும். ஏஸ், கிங் ஜோடிகளும் ஏஸ்-கிங்கும் நின்றால், அவற்றுக்கு எதிராக உங்கள் வாய்ப்பு சுமார் 40 விழுக்காடு. ஏஸ்-கிங்கையும் கவிழ்ப்பவர் என்றால் அது 20 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். மறு ரெய்ஸுக்கு ஒரு நியாயம் உண்டு: ஏஸ்-கிங்குக்கு உங்களுக்கு எதிராக 43 விழுக்காட்டுக்குக் குறையாத வாய்ப்பு இருப்பதால், அதை விலக்குவது நிஜமான லாபம். ஆனால் அதற்காக உங்களிடம் தோற்கும் ஜோடிகளையும் சேர்த்து விரட்டுகிறீர்கள். எனக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாவதில்லை.

கால் செய்து, ஃப்ளாப் (எல்லோருக்கும் பொதுவாக மேஜையில் விழும் முதல் மூன்று சீட்டுகள்) 9-6-2 என்று மூன்று இனத்தில் விழுந்தால் நிலைமை தெளிவாகிறது. அவர் பந்தயம் கட்டுவார், நீங்கள் கால். டர்னில், அதாவது நான்காவது பொதுச் சீட்டாக, 4. அவர் பந்தயம் கட்டாமல் செக் செய்தால் பெரும்பாலும் ஏஸ்-கிங். நீங்கள் பந்தயம் கட்டலாம். அவர் மீண்டும், பாட் எனப்படும் நடுவில் சேர்ந்த மொத்தத் தொகையில் முக்கால் பங்கு கட்டினால் அது ஜோடிதான், ஆனால் பத்தும் ஜாக்கும் இன்னும் அதில் அடக்கம். கடைசிப் பொதுச் சீட்டான ரிவரிலும் மூன்றாவது முறையாகப் பெரிய தொகை வந்தால், இத்தகையவரிடம் குயீனைக் கவிழ்த்துவிடுங்கள். காலுக்கும் விலை உண்டு: ஃப்ளாப்பில் ஏஸோ கிங்கோ விழ 41 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. பட்டனில் இருப்பதால் அதைத் தாங்கிக்கொள்ளலாம். அவருக்கு முன்பே பேச வேண்டிய பிளைண்ட் இருக்கையில் கடினம்.

ஜோடி ஜாக்குக்கு விவாதமே தேவையில்லை. 57 விழுக்காடு முறை ஃப்ளாப்பில் அதைவிடப் பெரிய சீட்டு விழும், கால் மட்டுமே.

ஜோடி ஏஸில் நிலைமை தலைகீழ். வெறும் கால் செய்து பதுங்கி ஆடுவது சிலருக்குப் பிடிக்கும், ஆனால் இறுக்கமானவர் எளிதில் கைவிடாத கிங், குயீன் ஜோடிகளிடமிருந்து பணம் வாங்க இதுவே நேரம். பதுங்கினால் பின்னால் இருப்பவர்களும் மலிவாக நுழைவார்கள். ஒருவருக்கு எதிராக ஏஸ் ஜோடியின் வாய்ப்பு சுமார் 85 விழுக்காடு. எந்தச் சீட்டோடும் வரும் நால்வருக்கு எதிராக அது 56 அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே தயங்காமல் மறு ரெய்ஸ்.

கிங் ஜோடியிலும் முதலில் மறு ரெய்ஸ்தான். சிக்கல், அவர் அதற்கும் மேலே உயர்த்தும்போது வருகிறது. குயீன் ஜோடியும் ஏஸ்-கிங்கும் அவர் கையில் இருக்கக்கூடும் என்றால் உங்கள் வாய்ப்பு சுமார் 57 விழுக்காடு. ஏஸ், கிங் ஜோடிகள் மட்டும் என்றால் 22 அளவுதான். 100 பிளைண்ட் ஆட்டத்தில் நான் முழுத் தொகையையும் உள்ளே வைத்துவிடுவேன். இருவரிடமும் 250 பிளைண்ட் இருந்து, மாலை முழுதும் ஒருமுறைகூட மறு ரெய்ஸ் செய்யாதவர் இப்படி உயர்த்தினால், கிங் ஜோடியை அப்படியே டீலரிடம் கொடுத்துவிடுவேன்.