ஆர்எக்ஸ் 100க்கு ரேஸ் ஃபேரிங்: பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை பக்கத்து நண்பர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் படியுங்கள்

பழைய சின்ன வண்டிக்கு அந்தக் காலத்து ரேஸ் வண்டி மாதிரி ஃபேரிங், அதாவது காற்றைத் தடுக்கும் ஃபைபர் முன்முகம் வைக்கலாம் என்று நினைத்திருப்பவர்கள், பட்டறையில் சாவியைக் கொடுப்பதற்கு முன் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோபாலபுரம், பொள்ளாச்சி என்று தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிறையப் பையன்கள் இப்போது இந்த வேலைக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வெறும் பண நஷ்டம் என்றால் மனதைத் தேற்றிக்கொண்டு போயிருப்பேன். ஓட்டினால் ஆளைக் கீழே தள்ளக்கூடிய வண்டியை "ரெடிங்க தம்பி" என்று சொல்லிக் கையில் கொடுத்தார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டி 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. அந்த மாடலின் தயாரிப்பு 1996லேயே நின்றுபோனது. இன்று அதற்கு ஒரு ஒரிஜினல் ஹெட்லைட் டூம், ஒரு மீட்டர் கிடைப்பதே பெரும்பாடு என்பது வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். எனக்கு வேண்டியிருந்தது வட்ட ஹெட்லைட் உள்ளே உட்காரும் அரை ஃபேரிங், கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் சின்ன வைசர், தாழ்வான கிளிப்-ஆன் ஹேண்டில், அவ்வளவுதான். பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் அந்தப் பட்டறைக்காரரிடம் நான்கு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னேன். ஃபேரிங் சேஸிஸில், அதாவது வண்டியின் எலும்புக்கூட்டில்தான் நிற்க வேண்டும், ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும் முன் ஃபோர்க்கில் பிடிக்கக் கூடாது. சேஸிஸில் வெல்டிங் வைக்கக் கூடாது, இருக்கிற போல்ட் ஓட்டைகளை வைத்துப் பிராக்கெட் செய்ய வேண்டும். வைசர் எளிதில் உடையாத பாலிகார்பனேட்டாக இருக்க வேண்டும். கழற்றும் சாமான் எல்லாம் என்னிடமே திரும்பி வர வேண்டும். நான்கையும் வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்பினேன். அவர் கட்டைவிரல் எமோஜி போட்டு ஒப்புக்கொண்டார். மொத்தம் 24,000 ரூபாய் பேசி 15,000 அட்வான்ஸ் கொடுத்தேன்.

சேஸிஸில் நிற்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஃபேரிங் என்பது காற்றை வாங்குகிற பலகை. அதை ஃபோர்க்கில் கட்டினால், பக்கவாட்டுக் காற்று தள்ளும் தள்ளு நேராக ஹேண்டிலைத் திருப்பும். சேஸிஸில் கட்டினால் அதே காற்று வண்டியைத்தான் கொஞ்சம் நகர்த்தும், ஹேண்டில் நம் கையில் நிற்கும். ரேஸ் உலகம் இதை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டது. இத்தாலியில் மோட்டோ கூட்ஸி கம்பெனி 1950லேயே மாண்டெல்லோவில் காற்றுச் சுரங்கம் கட்டி வண்டிகளுக்கு உடை தைத்தது. முன்சக்கரத்தையும் சேர்த்து மூடும் முழு மூடி ஃபேரிங்குகள் அந்தக் காலத்தில் நேர்ப்பாதையில் நல்ல வேகம் கொடுத்தன. ஆனால் பக்கக் காற்றில் ஓட்டுபவரைப் படுத்தி எடுத்தன. கடைசியில் 1958 சீசனிலிருந்து சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு அவற்றைத் தடை செய்தது. முன்சக்கரம் வெளியே தெரியும் டால்பின் வகை ஃபேரிங்தான் அதன் பிறகு நிலைத்தது. நாம் இன்று ஆசைப்படும் 'விண்டேஜ்' முகம் அதிலிருந்து வந்ததுதான்.

ஐரோப்பாவில் நடந்த அந்தக் கதை நம் ஊருக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். நாம் இருப்பது பாலக்காட்டுக் கணவாயின் வாயில். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30 கிலோமீட்டருக்கு மேல் மலையே இல்லாத திறப்பு. அரபிக்கடல் காற்று அந்த வழியாகக் கிழக்கே பாய்கிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலை நிற்பது சும்மா இல்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நூறு கிலோவுக்குப் பக்கமான ஆர்எக்ஸ் எம்மாத்திரம்?

வேலை முடித்து வண்டியை என்னிடம் கொடுத்ததும் ஆடி மாதத்தில்தான். பெயின்ட் கண்ணைப் பறித்தது, அதை மறைக்க மாட்டேன். டேங்கின் கோடும் ஃபேரிங்கின் கோடும் ஒன்றாக ஓடின. பிராக்கெட் எங்கே பிடித்திருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். உட்பக்கம் கறுப்பு ரப்பர் ஷீட் ஒட்டி மூடியிருந்தது. "வயரிங்ல தண்ணி போகாம இருக்கத்தானுங்க தம்பி, சேஸிஸ்லதான் புடிச்சிருக்கு, பயப்படாம ஓட்டுங்க" என்றார். மீதி 9,000த்தையும் வாங்கிக்கொண்டார்.

பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் வரை மேற்கே வரும்போது காற்று நேர் எதிரே. ஹேண்டில் லேசாக நடுங்கியது, புது செட்டிங் என்று இருந்துவிட்டேன். மீனாட்சிபுரம் தாண்டி வடக்கே திரும்பியதும் காற்று இடப்பக்கத்திலிருந்து அடித்தது. தென்னந்தோப்பு இருக்கும் வரை ஒன்றுமில்லை. தோப்பு முடிந்து வெட்டவெளி வயல் வந்த இடத்தில் ஹேண்டில் தானாக வலப்பக்கம் திரும்பி, வண்டி நடு ரோட்டுக்குப் போனது. எதிரே தேங்காய் லாரி. முழு பலத்தோடு ஹேண்டிலை இழுத்துப் பிடித்ததில்தான் தப்பினேன். அதற்கு மேல் ஓட்டவில்லை. நண்பர் ஒருவரை அழைத்து ஆட்டோ டெம்போவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தோம்.

வீட்டில் ரப்பர் ஷீட்டைக் கிழித்துப் பார்த்தால் இரண்டு பிராக்கெட்டும் ஃபோர்க்கைக் கவ்விக்கொண்டிருந்தன. ஹெட்லைட் பிடித்திருந்த இரண்டு ஃபோர்க் காதுகளையும் கிரைண்டரால் அறுத்துவிட்டிருந்தார்கள். சேஸிஸில் பிடித்ததாகக் காட்ட, ஃபோர்க் சுழலும் ஸ்டீயரிங் கழுத்தில் ஒரு தகட்டை வெல்டிங் வைத்திருந்தார்கள், அதில் ஃபேரிங் தொடக்கூட இல்லை. சேஸிஸ் மேல் வெல்டிங் என்பது எனக்கு இன்னும் ஆறாத கோபம். முன்சக்கரம் வாங்கும் அடி முழுவதும் வந்து சேரும் இடம் ஸ்டீயரிங் கழுத்து.  தெரியாத கை அங்கே சூடு வைத்தால் வெல்டிங்கின் ஓரத்தில்தான் பின்னாளில் வெடிப்பு விடும். பெயின்டுக்கு அடியில் விடும் வெடிப்பு யார் கண்ணுக்கும் தெரியாது.

ஹேண்டிலை இடப்பக்கம் கடைசி வரை திருப்பினால் ஆக்சிலேட்டர் கேபிள் ஃபேரிங் உள்விளிம்பில் மாட்டி இழுபட்டு, எஞ்சின் தானாக உறுமியது. வலப்பக்கம் திருப்பினால் கட்டைவிரல் டேங்குக்கும் கிளிப்-ஆனுக்கும் நடுவே நசுங்கியது. சந்துக்குள் வண்டியைத் திருப்பும்போது இந்த இரண்டில் ஒன்று போதும். வண்டி எடுக்கும் இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இரு பக்கமும் முட்டும் வரை திருப்பிப் பாருங்கள். சத்தம் மாறினால் பணம் கொடுக்காதீர்கள்.

கஞ்சிக்கோட்டில் ஃபைபர் வேலை செய்யும் நண்பர் அடுத்து வந்து பார்த்தார். நகத்தால் தட்டினார், ஓரிடத்தில் கணீர், ஓரிடத்தில் பொத். ஃபேரிங்கைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். வெளிச்சம் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. சில இடத்தில் கண்ணாடி நார் மேட் ஒரே அடுக்கு, அதில் பசையான ரெசின் சரியாக ஊறாமல் காற்றுக் குமிழி. பள்ளம் எல்லாம் பட்டியால் நிரப்பிப் பெயின்ட் அடித்திருந்தது. போல்ட் ஓட்டைகளைச் சுற்றித்தான் மேட் கூடுதலாக இருக்க வேண்டும், ரப்பர் புஷ்ஷும் அகலமான வாஷரும் இருக்க வேண்டும். இதில் இரும்பு போல்ட் நேராக ஃபைபரில் இறங்கியிருந்தது. அந்த ஒரு பயணத்துக்கே இரண்டு ஓட்டையிலிருந்தும் முடி மாதிரிக் கீறல் கிளம்பியிருந்தது. ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டை அளவுக்கு மேல் ஊற்றினால் சீக்கிரம் இறுகும், ஆனால் மொறுமொறுவென்று உடையும் என்றார். நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்குதான் ஊற்ற வேண்டுமாம். வைசரும் பாலிகார்பனேட் இல்லை. போர்டு கடையில் வெட்டும் அக்ரிலிக், அடிபட்டால் கூர்கூராகச் சிதறும்.

அவர் சொன்ன ஒரு யோசனையை எல்லோரும் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபைபர் அச்சிலிருந்து வந்ததும், பிரைமரோ பட்டியோ தொடுவதற்கு முன், பச்சையாகப் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். நல்ல வேலைக்காரர் அதைச் சந்தோஷமாகக் காட்டுவார்.

அப்புறம் சாமான். டூம், ஹேண்டில், மீட்டர், நான்கு இண்டிகேட்டர், ஒரிஜினல் மிரர் எதுவும் வரவில்லை. போன் செய்தபோது முதலில் "குடோனில் இருக்கு" என்றார். பிறகு "பழசுதானேங்க, இரும்புக்குப் போட்டாச்சு" என்றார். ஆர்எக்ஸ் சாமானை இரும்புக்குப் போடும் பட்டறைக்காரர் இந்த வட்டாரத்திலேயே கிடையாது. அது கை மாறிக் காசாகியிருக்கும். என்னிடம் வாங்கிய கூலியை விட அந்தச் சாமானில் அவருக்குக் கிடைத்தது அதிகம் என்றுதான் நான் நம்புகிறேன். கழற்றும் நாளிலேயே ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, சாக்கில் கட்டி அன்றே வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "கேரளா வண்டிக்கு இங்க எவன் கேஸ் எடுப்பான்?" என்றார். அதற்கு முன்பு, மாற்றம் செய்வது சட்டப்படி சரியா என்று நான் கேட்டபோதும், "எல்லைக்கு இந்தப் பக்கம் யாரும் கேக்க மாட்டாங்க" என்றுதான் சொல்லியிருந்தார். இரண்டும் பொய். மோட்டார் வாகனச் சட்டம் மத்தியச் சட்டம், வாளையாறு செக்போஸ்ட் தாண்டினால் மாறாது. அதன் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. இதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். அதே 2019இல் வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. அது வண்டி உரிமையாளர் தலையில் விழுவது. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி என்னும் பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும், அப்போது வண்டியை நேரில் காட்ட வேண்டும். இண்டிகேட்டரும் மிரரும் இல்லாமல் அங்கே போய் நிற்க முடியாது. பணம் வாங்கித் தொழில் செய்கிறவர் இதைச் சொல்லித்தான் வேலையைத் தொட வேண்டும். தெரிந்துகொண்டே மறைத்து வாங்குவது ஏமாற்று வேலைதான்.

கேஸ் எடுக்க முடியாது என்பதும் பொய் என்று சொன்னேன் அல்லவா? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் அழைத்தால் முதலில் சமரசத்துக்கு முயன்று பார்ப்பார்கள். நான் அழைத்தேன், பட்டறைக்காரர் பதிலே சொல்லவில்லை. இப்போது பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். வாட்ஸ்அப் பேச்சு, போனில் பணம் அனுப்பிய ரசீது, ரப்பர் ஷீட்டைக் கிழிக்கும்போது எடுத்த வீடியோ, ஃபைபர் நண்பரின் கையெழுத்துக் குறிப்பு எல்லாம் சேர்த்தாயிற்று. பில் கேட்டபோது "ஜிஎஸ்டி சேர்ந்தா கூட ஆகுமுங்க" என்று தட்டிக்கழித்தார். அதையும் மெசேஜில் எழுதியிருக்கிறார், அதுவும் சாட்சிதான்.

வண்டி இப்போது பாலக்காட்டுச் சித்தூரில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் நிற்கிறது. வெல்டிங் வைத்த தகட்டை அறுத்து, கழுத்தைப் பெயின்ட் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டலாமா என்று சொல்வார். அதுவரை யார் கேட்டாலும் சாவி கொடுக்க மாட்டேன் என்றார்.

இதே மாதிரி வேறு யாருக்காவது நடந்திருந்தால் பேச்சு, போட்டோ எதையும் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள். பிரச்சினை நடந்த தேதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். ஃபோர்க்கில் கட்டிய ஃபேரிங்கோடு யாராவது இப்போது ஓட்டிக்கொண்டிருந்தால், ஆடி முடியும் வரையாவது அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள்.