ஊசியைத் தேடிப் போனேன், காதைப் பார்க்கச் சொன்னார்கள்

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து நான்கு வார விடுப்பில் மலேசியாவில் இருக்கும் பினாங்கு போனது அம்மாவுக்காகத்தான். அவருக்கு 78 வயது. அல்சைமர் என்ற மறதி நோய் என்று தெரிந்து மூன்று வருடம் ஆகிறது. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார். பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வெளியில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் மனத்தில் வைத்துக்கொண்டு போனது புது ஊசிகளை. அமெரிக்காவில் லெக்கானமாப் 2023-லும் டொனானமாப் 2024-லும் அனுமதி பெற்றன. மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தை அகற்றும் மருந்துகள். லெக்கானமாப் சோதனையில் 18 மாதத்தில் நோயின் வேகம் 27 சதவீதம் குறைந்தது என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. காசு எவ்வளவானாலும் பரவாயில்லை, அம்மாவுக்குப் போட்டுவிட வேண்டும் என்று தங்கச்சியிடம் போனிலேயே சொல்லிவிட்டேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

முதல் வாரம் தீவில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஃபெரியில் கூட்டிப் போனேன். கார் ஏற்றும் பழைய ஃபெரி இப்போது கிடையாது. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டும்தான். அம்மா "அந்தப் பெரிய ஃபெரி எங்கய்யா?" என்று இறங்கும் வரை கேட்டுக்கொண்டே வந்தார். அங்கே நினைவாற்றல் சோதனை மலாயில் நடந்தது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். அம்மா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவர். எந்த மாதம் என்று கேட்டதற்கு "பங்குனி" என்றார். அது தவறு என்று குறித்துக்கொண்டார்கள். அன்றைக்குப் பங்குனி நான்காம் தேதி! நான் சொன்னேன், எழுதியதை மாற்றவில்லை. முடிவில் மூளைக்குச் சத்து ஏற்றும் டிரிப், பத்துத் தடவை, 3,800 வெள்ளி (ரிங்கிட்) என்று ஒரு தாளை நீட்டினார்கள். கூடவே கிங்கோ என்ற மூலிகை மாத்திரை. மூவாயிரத்துச் சொச்சம் முதியவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வில் கிங்கோ மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2008-லேயே தெரிந்துவிட்டது. அதை ஏன் இன்னும் விற்கிறார்கள் என்று எனக்கு வயிறு எரிந்தது. கன்சல்டேஷன் காசை மட்டும் கட்டிவிட்டு வந்துவிட்டோம்.

அரசாங்க மருத்துவமனையில் தங்கச்சி நான்கு மாதத்துக்கு முன்பே தேதி வாங்கி வைத்திருந்தாள். காலை எட்டு மணிக்கு நம்பர் எடுத்தோம், உள்ளே கூப்பிடும்போது பதினொன்று. காத்திருப்புதான் கஷ்டம். அம்மா நான்கு தடவை எழுந்து வாசலுக்குப் போனார். போகிறவர்கள் மாற்று உடை, பிஸ்கட், கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு பொருள் கொண்டுபோங்கள். அம்மாவுக்கு ஒரு துண்டு, அதை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார்.

டாக்டர் மலாய்க்காரப் பெண். எங்களைப் பார்த்ததும் தமிழ் தெரிந்த தாதி ஒருவரைக் கூப்பிட்டார். அந்தத் தாதி நாற்காலியை அம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பாட்டி, எந்தத் தோட்டத்துல மரம் வெட்டுனீங்க?" என்று ஆரம்பித்தார். ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பதைத்தான் மரம் வெட்டுவது என்போம். நிபோங் திபால் பக்கம் இருந்த தோட்டத்தின் பேர், கங்காணியின் பேர், ஒரு நிரையில் எத்தனை மரம், பால் பிடிக்கும் மங்கு நிறைய எவ்வளவு நேரம், பால் வாளி தூக்கும் காண்டாக் கம்பு தோளில் அழுத்திய இடம் என்று எல்லாவற்றையும் அம்மா சொன்னார். ஆனால் காலையில் என்ன சாப்பிட்டார் என்பது தெரியவில்லை. பக்கத்தில் நிற்கும் நான் யார் என்று கேட்டதற்கு "நம்ம ஊரு ஆளுதான்" என்றார். நோய் இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு மனுஷியாக அவரிடம் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஊசியைப் பற்றி டாக்டர் பொறுமையாகவே சொன்னார். அது ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும், அதுவும் அமிலாய்டு இருப்பதை ஸ்கேனிலோ முதுகுத்தண்டு நீரிலோ உறுதி செய்த பிறகு. லெக்கானமாப் முதலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும், நடுநடுவே எம்ஆர்ஐ எடுக்க வேண்டும், மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வரலாம். இழந்ததைத் திருப்பித் தராது, இழப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடும். அம்மா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். மூன்று வருடத்துக்கு முன்பு என்றால்கூட எல்லாருக்கும் பொருந்தியிருக்காது என்றார். அது என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னதாக இருக்கலாம்.

பிறகு அவர் செய்தவை சின்ன விஷயங்கள். மறதி நோய்க்காக அம்மா ராத்திரியில் போடும் டொனெபிசில் மாத்திரை சிலருக்குக் கெட்ட கனவும் தூக்கக் குறைவும் தரும் என்று காலைக்கு மாற்றினார். அது நாடித்துடிப்பையும் குறைக்கலாம் என்பதால் ஈசிஜி எடுத்தார். அப்புறம் விளக்கை வைத்துக் காதைப் பார்த்தவர் ஒரு நிமிஷம் பேசவில்லை. இரண்டு காதும் குறும்பியால் அடைத்திருந்தன. சொட்டு மருந்து கொடுத்து, ஒரு வாரம் கழித்து எடுத்துவிட்டார்கள். கறுப்பாக, புளியங்கொட்டை அளவுக்கு வந்தது. மறுநாள் காலை பக்கத்துக் கோயில் மணி அடித்தபோது அம்மா தலையைத் திருப்பினார். தங்கச்சி சமையலறையில் நின்றபடி அழுதாள். அம்மா பதில் சொல்லாததெல்லாம் நோயால்தான் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம்.

காதுக்கும் மறதிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அப்புறம் உட்கார்ந்து படித்தேன். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் மறதி நோய்க்குத் தவிர்க்கவோ குறைக்கவோ கூடிய 14 காரணங்களைச் சொல்கிறது. காது கேளாமை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தனிமை, பார்வைக் குறைவு, படிப்பு வாய்ப்பு இல்லாமை எல்லாம் அதில் வருகின்றன. இவற்றையெல்லாம் சரி செய்ய முடிந்தால் உலகில் வரும் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. மலேசியாவில் இனவாரியாகப் பார்த்தால் சர்க்கரை நோய் இந்தியர்களான நம்மிடம்தான் அதிகம். எனக்கு 53 வயது, சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன. அம்மாவுக்கு ஊசி தேடிய நான் என் மாத்திரையை வாரத்தில் இரண்டு நாள் மறக்கிறேன். தங்கச்சியையும் கிளினிக்குக்குக் கூட்டிப் போய் ரத்தம் எடுக்க வைத்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா வல்லாரை கொண்டுவந்து கொடுப்பார், ஊரில் பெகாகா என்பார்கள். அது இந்த நோயை நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. துவையல் அம்மாவுக்குப் பிடிக்கும், அரைத்துக் கொடுக்கிறோம்.

ஒரு நாள் ராத்திரி தங்கச்சி சொன்னாள்: "நீங்க ஊசியப் பத்திப் பேசறீங்கண்ணே. எனக்கு நாலு மணிநேரம் சேர்ந்தாப்புல தூங்கினா போதும்." அதன் பிறகு நான் தேடியது பகல்நேரப் பராமரிப்பைத்தான். பெட்டாலிங் ஜெயாவில் மலேசிய அல்சைமர் நோய் அறவாரியம் அப்படி ஒரு மையம் நடத்துகிறது. எங்களுக்கு அது ரொம்ப தூரம். தேடித்தேடி வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில், ஒரு வரிசை வீட்டில் நடக்கும் சின்ன இடம் ஒன்று கிடைத்தது. தமிழ் பேசும் ஓர் அம்மா அங்கே வேலை செய்கிறார். வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு 60 வெள்ளி. அந்தச் செலவு இனி என்னுடையது. முதல் நாள் அம்மாவை விட்டுவிட்டு வந்து தங்கச்சி மதியம் வரை தூங்கினாள்.

விடியற்காலை நான்கு மணிக்கு அம்மா எழுந்து பெரட்டுக்கு (தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்) நேரமாச்சு என்று கதவைத் திறக்கப் போவார். மழை என்றால் பால்வெட்டு இல்லை. அதனால் "இன்னிக்கு மழைம்மா, வேலை இல்ல" என்று தங்கச்சி சொல்லுவாள், அம்மா போய்ப் படுத்துவிடுவார். நான் கிளம்புவதற்கு முந்தின நாளும் எழுந்தார். இந்தத் தடவை நான் சொன்னேன். அம்மா கதவில் கையை வைத்தபடி காது கொடுத்துக் கேட்டார்.

"மழைச் சத்தமே கேக்கலையே."

லைட்டைப் போட்டு, நாங்கள் மூன்று பேரும் காப்பி குடித்தோம்.